மீண்ட ஊர்

ஓர் ஊர் பிழைத்திருக்கிறதா இல்லையா என்பதை மின்சார மீட்டரைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று எங்கள் ஆபீசில் சொன்னபோது, முதலில் கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. இதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மேல் பாய வேண்டாம்.

என் பெயர் கோகிலவாணி. ஈரோட்டில் மேற்கு மண்டல ஒருங்கிணைப்பு மையத்தில் வேலை. பெரிய விஞ்ஞானி வேலை எதுவும் கிடையாது. 'சமன்' என்ற கணினி எடுக்கிற முடிவுகளை, அது எந்த ஊரைப் பற்றியதோ அந்த ஊர்க்காரர்களுக்குப் புரிகிற பேச்சில் எடுத்துச் சொல்ல வேண்டும். ஊருக்கு ஓர் ஆள் என்று பத்தொன்பது பேர் இருந்தோம். எனக்கு என் சொந்த ஊரையே கொடுத்தார்கள், தொட்டிக்காட்டூர். கொஞ்சம் வாய் ஜாஸ்தி என்பதால் என்னை எடுத்திருப்பார்கள்.

நடந்தது இதுதான். வெளிநாட்டுக் கடைகளில் ஒரு பெட்டி வந்தது. ஆள் உள்ளே போய் நின்றால் அளவெடுத்து, துணியை அங்கேயே நெய்து, தைத்துக் கையில் கொடுத்துவிடும். ஃபிரிட்ஜைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்றார்கள். எங்கள் பக்கத்துப் பத்தொன்பது ஊர்களும் தறியையும் தையலையும் நம்பிப் பிழைத்தவை. மாசியில் ஆர்டர் குறைந்தது, சித்திரைக்குள் பத்தொன்பதும் படுத்துவிட்டன. வாங்க ஆளில்லாத ஊருக்கு எந்த வியாபாரி அரிசி லாரி அனுப்புவான்? மாநிலம் முழுக்க இதே கதையாக இருந்ததால், மண்டலத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு மருந்து, பிரித்துக்கொள்வது உங்கள் பாடு என்று மேலிடம் சொல்லிவிட்டது.

பிரிப்பதற்காகப் போட்ட முதல் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. பத்தொன்பது ஊர்த் தலைவர்களும் எங்கள் ஊர்தான் அதிகம் காய்கிறது என்று சத்தியம் செய்தார்கள். ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழவே அழுதார். அடுத்த வாரம் அவர் ஊர்க் கல்யாண மண்டபத்துக்குள் நானூறு மூட்டை அரிசி கிடந்தது. அதற்குப் பிறகு யார் சொன்னதையும் யாரும் நம்பவில்லை. ஆள் பேச்சே வேண்டாம், பொதுவாக ஒரு இயந்திரம் வையுங்கள் என்று கேட்டது அவர்களேதான்.

அப்படி வந்ததுதான் சமன். எல்லா ஊர்த் தறிப்பட்டறைகளின் மீட்டர்களும் அதற்குள் போகும். தறி நின்றிருந்தால் அந்த ஊருக்குப் பங்கு உண்டு. தறி ஓடத் தொடங்கினால் வேலை வந்துவிட்டது, அது மீண்ட ஊர், அதன் பங்கு மற்ற ஊர்களுக்குப் போகும். எந்த மனிதனும் இதில் கை வைக்க முடியாது. இதை எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மைதானத்தில் மைக்கில் நான்தான் சொன்னேன். "மனுசன் பொய் சொல்லுவான், மீட்டர் சொல்லாதுங்க" என்றேன். நல்ல கைதட்டல்.

ஆளாளுக்குத் தறியைப் போட்டுவிடக் கூடாது என்று ஊரில் எல்லாப் பட்டறைகளுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச் ரூம் வைத்தார்கள். சாவியை என் அண்ணன் சென்னியப்பனிடம் கொடுத்தார்கள். அண்ணன் தறி ஃபிட்டர். அண்ணி இறந்து ஆறு வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. ஊரில் எந்தத் தறி எந்தச் சத்தம் போடும் என்பது அவனுக்கு வீதியில் நடக்கும்போதே தெரியும். அவனுக்குப் பொய் சொல்ல வராது, முகத்திலேயே காட்டிக்கொடுத்துவிடுவான். ஊரே அவனை நம்பியது. எனக்கு அதில் பெருமை.

ஐந்து மாதம் அவன் அந்தச் சுவிட்சைத் தொடவில்லை. விஜயதசமி வந்தது.

ஆயுத பூஜைக்கு நானும் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுக்கே இழுபறி என்றாலும் தறியைக் கழுவாமல் விடுவார்களா? துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கிடைத்த செவ்வந்தியைக் கட்டினார்கள். பொரி கடலை மட்டும் கைக்கு ஒரு பிடிதான் வந்தது. மறுநாள் விஜயதசமி காலையில், நல்ல நேரத்தில் தறியை ஓட்டித் தொடங்க வேண்டும். ஒரு சாண் துணியாவது இறங்க வேண்டும். அது எங்கள் வழக்கம், அப்பன் காலத்திலும் அதுதான், அதற்கு முந்தியும் அதுதான். தறியில் நீளவாக்குப் பாவு நூல் இருந்தவர்கள் குறுக்கே கழிவு நூலைப் போட்டார்கள், இல்லாதவர்கள் வெறுமனே ஓட்டலாம் என்று நின்றார்கள்.

அண்ணன் சுவிட்சைப் போட்டான். ஆயிரத்து நூற்று நாற்பது தறி. ஐந்து மாதம் செத்துக் கிடந்த வீதிகளில் அந்தச் சத்தம் எழுந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆண்கள் அழுதார்கள், பெண்கள் சிரித்தார்கள். பத்து நிமிடம் என்றுதான் பேச்சு. அண்ணன் நிறுத்தப் போனபோது வசந்தாமணி அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒற்றை ஆளாக எட்டுத் தறி பார்த்தவள் அவள். "இன்னும் அஞ்சு நிமிசம் ஓடட்டும் சென்னீப்பா, காது குளுரக் கேட்டுக்கறோம்" என்றாள். அப்படியே இன்னும் நாலைந்து பேர் கெஞ்சினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியது.

நான் மீட்டர் பார்க்கிற ஆபீசில் சம்பளம் வாங்குகிறவள். அங்கேயே நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக்கூடத் தோன்றவில்லை. விஜயதசமிக்குத் தறி ஓடுவதை ஒரு மின்சாரச் செலவு என்று எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் தோன்றியிருக்காது.

மூன்றாம் நாள் என் மேஜைக்கு அறிவிப்பு வந்தது. தொட்டிக்காட்டூர், மீண்ட ஊர். பத்து நாளில் அரிசி லாரியும் மருந்து வண்டியும் நிறுத்தப்படும். சமாளிக்க முடியாதவர்கள் பஸ் ஏறிக் கடலோர முகாமுக்குப் போகலாம். முகாமுக்குப் போன ஊர் எதுவும் திரும்பி வந்ததாக அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

அதையும் நான்தான் போய்ப் படித்தேன். படித்து முடித்ததும் கூட்டம் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தது. யாரும் அவனை அடிக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. அதன் பிறகு அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவன் ரேஷன் வரிசையில் நின்றால் பின்னால் வருகிறவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். அவன் கையைப் பிடித்துக் கெஞ்சியவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனார்கள். ஓட்டு ஓட்டு என்று சொன்னது யார்? ஊரில் இருக்கிற ஒன்பதாயிரம் பேரும் சேர்ந்து கேட்ட சத்தத்துக்கு ஒருத்தன் மட்டும் பதில் சொல்ல வேண்டுமா? அண்ணனோ, "சாவி எங்கிட்டத்தான இருந்துது" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. சோறும் சரியாக உண்பதில்லை.

ஆபீசுக்குத் திரும்பியதும் ஆட்சேபணை எழுதினேன். பூஜை வீடியோக்களை இணைத்தேன், பஞ்சாங்கத்தை இணைத்தேன். சமனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த தலைமைப் பொறியாளர் அருள்சீலன்தான் அதைப் பார்க்க வேண்டியவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எப்போதும் பாதி டீயைக் குடித்துவிட்டு மீதியை மறந்துவிடுகிற மனிதர். வழக்கமாக ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் ஒரு மணி நேரம் வாதாடுவார். என்னுடையதை இரண்டே நிமிடத்தில் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊரில் அறிவிப்பைப் படித்த ஆறாம் நாள் அண்ணனின் கடிதம் வந்தது. மையத்துக்கு எழுதியிருந்தான், தங்கைக்கு அல்ல. அவன் ஆறாம் வகுப்போடு நின்றவன், எழுத்தெல்லாம் மேலும் கீழுமாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே அருள்சீலனின் அறைக்குப் போய், உட்காரக்கூடச் செய்யாமல் படித்தேன்.

"ஐயா, சுவிட்சு போட்டது நான் ஒருத்தன். ஊருக்கு அதில் சம்மந்தம் இல்லை. என்னை மட்டும் தண்டனை செய்து, எனக்கு அரிசி நிறுத்தி, ஊருக்குக் கொடுக்கவும். நான் எங்கேயாவது போய்விடுகிறேன். மிசினுக்கு இதை எடுத்துச் சொல்லவும்."

அருள்சீலன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒங்க அண்ணன இனிமே எழுத வேண்டாம்னு சொல்லுங்கம்மா. என்னால படிக்க முடியல."

"எழுத வேண்டாம்னா முடிவ மாத்துங்க சார். அது வெறும் பூஜை. அந்த மெஷினுக்குத் தெரியாதுன்னா நீங்க சொல்லிக் குடுங்க."

"அதுக்குத் தெரியும். நூறு வருசப் பஞ்சாங்கம் அதுக்குள்ள கெடக்கு. தறி வெறுமன சுத்துதா, துணி நெய்யுதான்னு மோட்டார் இழுக்குற கரண்ட வச்சே சொல்லிரும். ஒங்க ஊர்ல அன்னைக்கு விக்கிற மாதிரி நெசவு எதுவும் நடக்கலன்னு அதுக்கு நல்லாவே தெரியும்."

"அப்புறம் ஏன் மீண்ட ஊர்னு போட்டுச்சு?"

"ஒங்க ஊர் பேரு விஜயதசமிக்குப் பதினோரு நாள் முன்னாடியே பட்டியல்ல வந்துட்டு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் நாற்காலியைக் காட்டினார், நான் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டேன். மேலிடம் அரிசியைக் குறைத்துவிட்டதாம். பத்தொன்பது ஊருக்கும் பிரித்தால் கையிருப்பு இடையில் தீர்ந்துவிடும், ஐப்பசி மழை முடிவதற்குள் எல்லா ஊரும் போய்விடும். பதினாறு ஊருக்கு என்றால் தாங்கும். மூன்று ஊரை விட்டாக வேண்டும். இதை அப்படியே ஊர்க்காரர்களிடம் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். கிழக்கு மண்டலத்தில் சொன்னார்கள் என்றார். அங்கே விடப்பட்ட இரண்டு ஊர்க்காரர்களும் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள், சண்டையில் அரிசி வந்த சரக்கு ரயில் எரிந்தது, பதினோரு ஊருக்கும் அரிசி இல்லாமல் போயிற்று. அந்தச் செய்தியை வெளியே விடவில்லை.

"நாங்க சமன்கிட்ட கேட்டது இதுதான். மூணு ஊர விடணும், வண்டி எரியக் கூடாது, என்ன வழி? அது ஊரத் தேடலம்மா. காரணத்தத் தேடுச்சு. தப்பு எங்களுதுதான்னு ஜனங்களே ஒத்துக்கிற மாதிரி காரணம் எங்க கெடைக்கும்னு பாத்துச்சு. என்ன ஆனாலும் ஒங்க ஊர்ல அன்னைக்குத் தறிய ஓட்டாம இருக்க மாட்டாங்கன்னு அதுக்குத் தெரியும். அந்த நாள் வர்ற வரைக்கும் பேசாம இருந்துச்சு."

மற்ற இரண்டு ஊர்களுக்கும் இப்படியே ஒவ்வொன்று கிடைத்ததாம். ஒன்றில் கல்யாணத்துக்குச் சாயப்பட்டறை பாய்லரில் சமைத்திருக்கிறார்கள். இன்னொன்றை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவரை அறைய வேண்டும்போல இருந்தது. என் அண்ணன் ஒரு வாரமாகச் சாப்பிடாமல் கிடக்கிறான் என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போய்ச் சொல்லுங்க. நான் தடுக்கல. ஆனா எழுத்துல எதுவும் தர முடியாது. எழுத்துல எதுவுமே கெடையாது."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். சொன்னால் எங்கள் ஊரும் தண்டவாளத்தில் போய் உட்காரும், பதினாறு ஊர் பட்டினி கிடக்கும். சொல்லாவிட்டால் செய்யாத பாவத்தை அண்ணன் சாகிற வரைக்கும் சுமப்பான். பதினாறு ஊர்க் குழந்தைகளின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். ஒரு முகமும் வரவில்லை, அண்ணன் முகம்தான் வந்தது. நான் நல்லவள் என்று சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது.

அண்ணன் சுவிட்ச் ரூம் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். நாலு நாள் தாடி. ஈரோட்டிலிருந்து வாங்கிப்போன இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, தின்றால்தான் சொல்வேன் என்றேன். இரண்டு தின்றான். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றுவிடாமல். முடித்ததும் அவன் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இதுக்கு எழுத்துல ஏதாச்சும் வச்சிருக்கறயா அம்மிணி?"

இல்லை என்றேன். அவன் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. பாசமான சிரிப்பு.

"எனக்கோசரம் நீ இவ்வளவு தூரம் ரோசன பண்ணி ஒரு கதையக் கட்டியாந்திருக்கற. போச்சாது, உட்டுரு. சுவிட்சப் போட்டது நாந்தேன். போட்ட கையி என்னோடது."

"நான் எதுக்குண்ணா கதை கட்டறேன்? சத்தியமாச் சொல்றேன். நீ போட்டிருந்தாலும் போடாட்டியும் இதுதான் நடந்திருக்கும்."

"அப்படிச் சொல்லாத கண்ணு. தப்புன்னா நாளைக்குத் திருத்திக்கலாம். லெட்டர் போட்டிருக்கறேன், படிச்சுப் பாத்து மனசு மாறுவாங்க. நீ சொல்ற மாதிரின்னா ஒண்ணுமே பண்ண முடியாதே. அப்பறம் ஊருக்கு என்ன இருக்குது?"

அந்தக் கடிதத்தை யார் படித்தார்கள், படித்தவர் என்ன சொன்னார் என்று இப்போதுதானே சொன்னேன். அவன் காதில் அது விழவே இல்லை. தப்பு அவனுடையது என்பது ஒன்றுதான் அவன் பிடித்துக்கொண்டிருந்த நம்பிக்கை. அதை நான் பிடுங்கப் பார்த்தேன், அவன் விடவில்லை.

நானும் விடவில்லை. அன்று மத்தியானம் கோயில் மைதானத்தில் கூட்டம் இருந்தது. யார் யார் பஸ் ஏறுவது என்று பெயர் எழுதினார்கள். நான் போய் மைக்கைப் பிடுங்கினேன். அரிசி குறைந்தது, பட்டியல் முன்கூட்டியே வந்தது, கிழக்கே வண்டி எரிந்தது, எங்கள் விஜயதசமிக்காக அந்த இயந்திரம் காத்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனாலும் பரவாயில்லை, ஈரோட்டுக்குப் போய் வாசலை மறித்து உட்காரலாம் வாருங்கள் என்றேன். பதினாறு ஊரைப் பற்றி நான் அப்போது நினைக்கக்கூட இல்லை.

ஒருவரும் எழவில்லை. முன்வரிசையில் இருந்த வசந்தாமணி அக்காதான் எழுந்து வந்து, மைக்கை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள். அவள் கண்ணில் துளிக் கோபம் இல்லை.

"கூடப் பொறந்தவன் மேல பாசம் இருக்கறதுதேன் அம்மிணி. அதுக்குன்னு மிசின் மேல பழி போடலாமா? தறி ஓடுனத நாங்க அத்தன பேரும் எங்க காதுல கேட்டமல்லோ. மீட்டர் பொய் சொல்லாதுன்னு நீதான இதே எடத்துல நின்னு சொன்ன?"

பலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் மறுபடி மறுபடி சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. நான் சொன்னது உண்மை என்றால் அவர்கள் வெறும் கழித்துவிடப்பட்ட ஊர். தப்பு அவர்களுடையது என்றால் நல்லது கெட்டது அவர்கள் கையில் இருந்ததாக ஆகிறது. யார்தான் முதலாவதை எடுத்துக்கொள்வார்கள்? அருள்சீலன் ஏன் என்னைத் தடுக்கவில்லை என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் புரிந்தது. நான் போய்ச் சொல்வேன் என்பதையும் சமன் கணக்கில் எடுத்திருக்கும்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து அண்ணன் வந்தான். அவனுக்கு எல்லோரும் வழிவிட்டார்கள். நேரே நடுவில் வந்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, ஊருக்கு முன்னால் மண்ணில் குப்புற விழுந்தான்.

"சாமிகளே, நான் பண்ணுனதுக்கு மன்னிச்சுக்கோங்க. என் தங்கச்சி வாய் தவறிச் சொன்னதுக்கும் சேத்து மன்னிச்சுக்கோங்க. அவ நல்லவ. எனக்கோசரம் சொல்லிப்போட்டா."

நான் வேண்டாம் அண்ணா, எழுந்திரு அண்ணா என்று அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். அவன் எழவில்லை. வசந்தாமணி அக்கா அழுதுகொண்டே குனிந்து அவனைத் தூக்கினாள், இன்னும் நாலு பேர் வந்தார்கள். ஒரு வாரமாக அவனோடு பேசாதவர்கள் அவன் மேலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்கள். யாரோ என் தலையையும் தடவிக்கொடுத்தார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. பெயர் எழுதுகிறவர் விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார், ஜனங்கள் வரிசையாக நின்று பெயர் கொடுத்தார்கள். ஊர் பெரிய மனசு பண்ணி எங்கள் இரண்டு பேரையும் மன்னித்துவிட்டது.